பொதிகைக்கு அப்பால் ஒரு பாலை

பாலைவனம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் பிள்ளைகளின் மனக்கண்முன் தோன்றுவது இராசத்தானத்துத் தார்ப் பாலையே. பள்ளிப் பாடநூலில் ஒட்டகத்தின் படத்தோடு அஃது இடம்பெற்றிருக்கிறது. இரண்டு இலட்சம் சதுர கிலோமீட்டர் அளவில் பரந்து கிடக்கும் அந்நிலத்தின் கிழக்கு ஓரமாக ஆரவல்லி மலைத்தொடர் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நீண்டு செல்கிறது. அரபிக்கடலிலிருந்து புறப்படும் பருவக்காற்றும் ஏறத்தாழ அதே திசையில் செல்வதால் மலை அதனை மறிப்பதில்லை. காற்று மலையின் விலாவை உரசிக்கொண்டு ஓடிவிடுகிறது. ஆகவே ஜெய்சல்மேரில் ஆண்டு முழுவதற்கும் 200 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்வதில்லை என்று ஆசிரியர் சொல்லித் தருவார். வறண்ட காற்று மேலிருந்து கீழிறங்கி மேகம் எழும்பாதபடி அழுத்திவிடுவதும் ஒரு காரணம் என்று வானிலை அறிஞர்கள் சேர்த்துரைப்பர்.

இனி நம் மலையைப் பார்ப்போம். மேற்குத் தொடர்ச்சி மலை 1,600 கிலோமீட்டர் நீளத்துக்குக் காற்றுக்குக் குறுக்கே நிற்கிறது. குறுக்கே நிற்பதால் மேற்குப் பக்கம் மழை. அதே காரணத்தால் கிழக்குப் பக்கம் வறட்சி. ஆரவல்லி மறிக்காமையால் ஒரு பாலை, சையம் மறித்தமையால் இன்னொரு வறள்நிலம். இந்த இரண்டாவதன் தென்கோடியில், தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் கடலோரத்தை ஒட்டி, உண்மையான மணற்குன்றுகளோடு, அதுவும் இரத்தச் சிவப்பு நிறத்தில், ஒரு சிறு பாலையே கிடக்கிறது. அதற்குத் தேரி என்று பெயர். திருவனந்தபுரத்திலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தொலைவு. இந்நகரத் தமிழ்க் குடும்பங்களிற் பல அம்மணலின் ஓரத்து ஊர்களிலிருந்து வந்தவை. ஆயினும் அதனை ஒரு பொருளாக எண்ணி எழுதியவர் நம்மிடையே மிகச் சிலர். திருச்செந்தூருக்குப் போகும் வழியில் பேருந்துச் சன்னலில் தெரியும் சிவப்பு மேடு என்பதோடு நம் அறிவு நின்றுவிடுகிறது.

தமிழ் இலக்கணம் பாலையைப் பற்றி வைத்திருக்கும் கொள்கையை முதலில் நினைவுகூர வேண்டும். தொல்காப்பியர் முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என்னும் நான்கிற்குமே நிலமும் தெய்வமும் வகுத்தார். பாலைக்குத் தனியாக நிலம் வகுக்கவில்லை. காலம் வகுத்தார், ஒழுக்கம் வகுத்தார். சிலப்பதிகாரக் காடுகாண் காதையில், கோவலனுக்கு மதுரை செல்லும் வழியைச் சொல்லும் மறையோன் வாயிலாக இளங்கோவடிகள் இதனை இன்னும் தெளிவாக்குகிறார். காடும் மலையும் வேனிலின் வெம்மையில் தம் தன்மை மாறும்போது அவையே பாலையின் உருவை மேற்கொள்கின்றன என்பது அவர் கருத்து. அதாவது பாலை என்பது நிலத்தின் சாதியன்று. நிலத்துக்கு நேரும் ஒரு நிலைமை. மழை வந்தால் அந்நிலை நீங்கும்.

நிலமே இல்லாத இத்திணைக்குத்தான் சங்கப் புலவர்கள் மிகுதியாகப் பாடினார்கள் என்பது வியப்பு. அகநானூற்றின் 400 பாடல்களில் ஒற்றைப்படை எண் பெற்ற 200 பாடல்களும் பாலைத்திணைக்கு உரியவை. பாலைக்கலி பாடியவரும் ‘பாலை பாடிய’ என்ற அடைமொழியையே பெயராகப் பெற்றவருமான பெருங்கடுங்கோ ஒரு சேரமான். இளங்கோவும் சேரர் குடியினர் என்பது மரபு. மழைக்குப் பஞ்சமில்லாத சேரநாட்டுக்காரர்கள் பாலையை இவ்வளவு நுட்பமாக அறிந்தது எங்ஙனம் என்று கேட்கத் தோன்றும். சேரர் ஆட்சி கருவூர் வரை மலையின் கிழக்கேயும் பரந்திருந்தது. கொங்குநாடு மழை மறைவு நிலம். மலையின் இருபுறத்தையும் கண்டவர்களுக்கே பாலையின் இயல்பு விளங்கும் என்று கொள்வதில் தவறில்லை.

திருவனந்தபுரத்தில் நாமும் மலையின் ஒருபுறத்தில் இருக்கிறோம். மழை ஓய்ந்த காலை வேளைகளில் வடகிழக்கே நோக்கினால் அகத்தியர்கூடம் கூம்பு வடிவில் நீலமாகத் தெரிகிறது. உயரம் 1,868 மீட்டர். நாம் நாள்தோறும் குடிக்கும் கரமனையாற்று நீரும், நெய்யாறும் அம்மலைத் தொகுதியிலேயே பிறக்கின்றன. அதே மலையின் மறுசரிவில் பிறப்பது தாமிரபரணி. ஒரு முகட்டில் விழும் மழைத்துளி இந்தப் பக்கம் உருண்டால் அரபிக்கடல், அந்தப் பக்கம் உருண்டால் மன்னார் வளைகுடா.

காற்று மலையேறும்போது நடப்பது எளிய இயற்பியல். ஈரக்காற்று உயர உயரக் குளிர்கிறது; மேகம் திரண்டபின் 1,000 மீட்டருக்கு ஐந்தாறு பாகை என்ற அளவில் வெப்பம் குறைகிறது. ஈரம் மழையாகக் கொட்டிவிட்டபின் மலையின் மறுபுறம் இறங்கும் காற்றோ 1,000 மீட்டருக்குப் பத்துப் பாகை வீதம் சூடேறுகிறது. ஏறும்போது இழந்ததைவிட இறங்கும்போது பெறும் சூடு மிகுதி. மேற்கே குளிர்ந்து நனைந்து போன காற்று கிழக்கே உலையிலிருந்து வருவதுபோல வருவதற்குக் காரணம் இதுவே. திருவனந்தபுரத்தில் ஆண்டு மழை 1,800 மில்லிமீட்டர் அளவில் இருக்க, மலைமுகடுகளில் 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்ய, தூத்துக்குடிக் கடற்கரையில் 650 மில்லிமீட்டர் அளவே கிடைக்கிறது. அதுவும் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று தரும் கொடை. ஆனி, ஆடி மாதங்களில் நாம் குடைபிடித்து நடக்கும்போது உடன்குடியிலும் சாத்தான்குளத்திலும் புழுதிக்காற்றுக்கு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு நடப்பார்கள்.

அகத்திய முனிவர் விந்திய மலையின் செருக்கை அடக்கி அதனைத் தாழச் செய்துவிட்டுப் பொதிகைக்கு வந்து தங்கினார் என்பது புராணம். நல்லவேளையாகப் பொதிகையை அவர் தாழ்த்தவில்லை. தாழ்த்தியிருந்தால் மேகம் தங்காமல் கடந்து போயிருக்கும்; தாமிரபரணியும் இராது, அதன் கரையில் விளைந்த நெல்லும் இராது.

இம்மலையின் உச்சியில் அறிவியல் முறைப்படி காற்றையும் காந்தப்புலத்தையும் அளந்தவர் ஜான் ஆலன் பிரௌன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். சுவாதித் திருநாள் மகாராசா 1837இல் நிறுவிய திருவனந்தபுரம் வானாய்வு நிலையத்துக்கு 1852இல் இயக்குநராக வந்தார். நகரத்தில் எடுக்கும் அளவுகளை உயரமான ஓரிடத்து அளவுகளோடு ஒப்பிட வேண்டும் என்று 1855இல் அகத்தியர் மலைச் சிகரத்தருகே ஓர் ஆய்வுக்கூடம் கட்டினார். கருவிகள் அனைத்தும் காட்டுவழியே ஆட்களின் தலைச்சுமையாகப் போயின. மழையும் யானையும் அட்டையும் நிறைந்த காட்டில் ஆளமர்த்தி மணிக்கணக்கில் குறிப்பெடுக்கச் செய்வது எளிய வேலையன்று. அந்த அளவீடுகள் 1874இல் நூலாக வெளிவந்தன. நகரத்து அருங்காட்சியகம் தோன்றுவதற்கும் இவரே முன்னின்றார். அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் நம்மவர்கள் பிரௌனின் பெயரையும் அவர்களுக்குச் சொல்லலாம்.

நிற்க. மலை முழுவதும் ஒரே சுவராக நின்றிருந்தால் தேரியின் கதை வேறாக இருந்திருக்கும். தெற்கே மகேந்திரகிரியைத் தாண்டியவுடன் மலை திடீரெனத் தாழ்ந்து ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது. அதுவே ஆரல்வாய்மொழிக் கணவாய். வடக்கே பாலக்காட்டுக் கணவாயும் இடையே செங்கோட்டை–ஆரியங்காவுக் கணவாயும் உள்ளன. செங்கோட்டை வழியே குற்றாலத்துக்குச் சாரல் போகிறது. ஆரல்வாய்மொழி வழியே போவதோ பெரும்பாலும் வெறுங்காற்று. நாஞ்சில் நாட்டில் தன் ஈரத்தை இறக்கிவிட்டு, குறுகிய வாயிலில் நெருக்குண்டு, வேகம் பெற்று, வள்ளியூர், இராதாபுரம், திசையன்விளைச் சமவெளியில் அது பாய்கிறது. இன்று முப்பந்தலில் நூற்றுக்கணக்கில் நிற்கும் காற்றாலைகள் அந்த வேகத்துக்குச் சாட்சி. ஔவையார் மூவேந்தரையும் பந்தலிட்டு ஒன்றுகூட்டிய இடம் என்று அவ்வூர்ப் பெயருக்குக் கதை சொல்வார்கள். மூவரும் ஆடி மாதத்தில் கூடியிருந்தால் பந்தல் நின்றிருக்குமா என்பது ஐயமே.

காற்றுக்கு மட்டுமன்று, படைக்கும் வணிகத்துக்கும் அதுவே வாயில். வேலுத்தம்பித் தளவாயின் கிளர்ச்சியின்போது 1809 பிப்ரவரியில் ஆங்கிலப் படை ஆரல்வாய்மொழி அரணைக் கைப்பற்றியபின்தான் திருவிதாங்கூருக்குள் முன்னேற முடிந்தது.

அவ்வாயிலைக் கடந்த காற்று சுமந்து சென்று குவித்ததே தேரி என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் கருத்து. மலையடிவாரத்துச் செம்மண்ணை ஆண்டுதோறும் அள்ளிச் சென்று கடலோரத்தில் கொட்டியது என்பர். மற்றொரு கருத்து, மணலின் பிறப்பிடம் கடல் என்பது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் வடபகுதி பனிப்பாளத்தில் உறைந்திருந்தபோது, கடல்மட்டம் இன்றைக்குக் காட்டிலும் 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. மன்னார் வளைகுடாவின் ஆழமற்ற பகுதி வெறும் மணல்வெளியாக வெயிலில் கிடந்தது. அம்மணலைக் காற்று அள்ளிக் குன்றாக்கியது என்பர் இக்கருத்தினர். இரண்டுக்கும் இடம் உண்டென்றே தோன்றுகிறது. மணலில் கருமையும் செம்மையுமான கனிமத் துகள்கள் கலந்திருக்கின்றன. அவற்றிலுள்ள இரும்பு மழையீரத்தில் துருவேறி, ஒவ்வொரு மணிமேலும் செம்பூச்சாகப் படிந்தது. தேரியின் நிறத்துக்கு அதுவே காரணம்.

இதில் ஒரு செய்தி மறைந்திருக்கிறது. மணல் பறந்து குவிவதற்கு வறட்சியும் காற்றும் வேண்டும். குவிந்த மணல் துருவேறிச் சிவப்பதற்கோ ஈரமும், செடிகொடி படர்ந்த அமைதியும், நெடுங்காலமும் வேண்டும். எனவே இச்சிவப்பு மேடுகள் ஒரு காலத்தில் பறந்தன, ஒரு காலத்தில் பச்சை போர்த்து அடங்கிக் கிடந்தன, மறுபடி பறந்தன. பாலை என்பது வந்து போகும் நிலைமை என்று இளங்கோ சொன்னதை மணல் தன் நிறத்தில் எழுதி வைத்திருக்கிறது.

அடங்கிக் கிடந்த காலத்தில் அங்கே மனிதர் வாழ்ந்தனர். இராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியலறிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தேரியில் கற்கருவிகளைக் கண்டார். பின்னர் சாய்னர், ஆல்ச்சின் என்ற இரு ஆய்வாளர்கள், சாயர்புரம், மெஞ்ஞானபுரம், நாசரேத், குலசேகரப்பட்டினத்துக்குத் தெற்கிலுள்ள கடலோரம் முதலிய பகுதிகளின் நுண்கற்கருவிகளை ஆராய்ந்து 1956இல் எழுதினர். படிகக்கல்லிலும் தீக்கல்வகையிலும் செதுக்கிய, விரல்நகம் அளவேயான அம்புமுனைகளும் சுரண்டிகளும் அவை. வேட்டையாடியும் மீன்பிடித்தும் அவர்கள் உயிர்வாழ்ந்திருக்க வேண்டும். அங்கிருந்து வடக்கே சிறிது தொலைவில் தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூரும் சிவகளையும் உள்ளன. சிவகளைத் தாழியில் கிடைத்த நெல்லுமியின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் தமிழ்நாடு அரசு அறிவித்ததை நாளிதழ்களில் படித்து மகிழ்ந்தோம். நெல் விளைந்த கரையைக் கொண்டாடுகிறோம். அதற்கும் முந்தியவர்களின் கைவேலை கிடக்கும் செம்மணலை யாரும் கொண்டாடுவதில்லை.

தேரி என்பது ஒரே தொடர்ச்சியன்று. திருச்செந்தூருக்கு மேற்கே குதிரைமொழித் தேரி. அது 12,000 ஏக்கர் அளவுள்ளது என்பர். தெற்கே சாத்தான்குளம், குட்டம், இடையன்குடிப் பக்கத்துத் தேரிகள். நாசரேத், காயாமொழி, நாலுமாவடி, உடன்குடி, திசையன்விளை, நவ்வலடி என்று ஊர்கள் மணலின் ஓரத்தில் கோத்தாற்போல அமைந்துள்ளன. ஆடிக்காற்றில் மணல் நகர்ந்து வேலிகளை மூடும், கிணறு தூர்ந்துவிடும், எல்லைக்கல் எங்கே என்று தேடவேண்டி வரும். பனையோலைத் தட்டிகளை வரிசையாக நட்டும், பனங்கொட்டையை ஊன்றியும், உடை, முந்திரி முதலியவற்றை வளர்த்தும் மணலைப் பிடித்துக் கட்டினார்கள். இன்று தேரியின் பெரும்பகுதி அவ்வாறு அடங்கியே உள்ளது. குடை விரித்தாற்போல நிற்கும் உடைமரங்களையும் கொல்லாம்பழத் தோப்புகளையும் பார்ப்பவர் இதையா பாலை என்றீர் என்று கேட்கக்கூடும்.

இங்கே இராபர்ட் கால்டுவெல்லைக் குறிப்பிடாமல் போக முடியாது. 1841இல் இடையன்குடிக்கு வந்து, அரை நூற்றாண்டுக்காலம் அம்மணலோரத்தையே தம் ஊராகக் கொண்டவர். 1849இல் அப்பகுதி மக்களைப் பற்றி அவர் எழுதிய சிறுநூலின் சில கருத்துகள் அம்மக்களைப் புண்படுத்தின, எதிர்ப்பும் எழுந்தது, அது நியாயமான எதிர்ப்பே. ஆயினும் 1856இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் இந்தச் செம்மணலின் ஓரத்தில் கற்ற தமிழிலிருந்து எழுந்தது என்பதை மறுக்க முடியாது. 1881இல் அவர் திருநெல்வேலிச் சரித்திரமும் எழுதினார். 1891இல் கொடைக்கானலில் காலமான அவரை இடையன்குடிக்கே கொண்டுவந்து அடக்கம் செய்தனர்.

நெல்லுக்கு வழியில்லாத நிலத்தில் பனையே வயல். கோடை முற்ற முற்றப் பதநீர் சுரக்கும். பனையேறி நாளைக்கு இருமுறையும் மும்முறையும் மரமேறி இறங்குவார். பெண்கள் விடலியில் அமர்ந்து பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றுவர். உடன்குடிக் கருப்பட்டி என்றால் நம் நகரத்திலும் தனி மதிப்பு. மழை பொய்த்து, மரமும் கைவிட்டால், அடுத்து இருந்தது மேற்கே போகும் வழி ஒன்றே. சிலர் கடல் கடந்து இலங்கைக்குப் போனார்கள். சிலர் ஆரல்வாய்மொழியைக் கடந்தார்கள்.

பாலைத்திணையின் உரிப்பொருள் பிரிவு. அதிலும் பொருள் தேடிப் பிரியும் பிரிவே மிகுதி. திருவனந்தபுரத்தில் சாலைக் கடைவீதியை இராசா கேசவதாசர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அமைத்த நாள்தொட்டு, கருப்பட்டி, கருவாடு, பருத்தி, ஓலைப்பாய், மிளகாய் வற்றல் ஆகியவற்றோடு மாட்டுவண்டியில் வந்தவர்கள் பாலை பாடிய புலவர்களின் தலைவர்களே என்று நான் எண்ணுவதுண்டு. அவர்கள் கடந்த வழி சங்கப் பாடலின் வழியைப் போன்றே வெயிலும் கள்வர் பயமும் உடையது. ஒரே வேற்றுமை, சங்கத் தலைவன் கார்காலத்துக்குள் திரும்பி வருவதாகச் சொல்லிச் சென்றான். நம் முன்னோர் கார்காலம் ஓயாத ஊருக்கே வந்து சேர்ந்துவிட்டார்கள். 1904இல் செங்கோட்டை வழியே கொல்லத்துக்கு இரயில் வந்தது. ஆரல்வாய்மொழி வழியே நாகர்கோவில்–திருநெல்வேலி இருப்புப்பாதை 1981இல்தான் திறக்கப்பட்டது. அதற்குள் மூன்று தலைமுறை இங்கே வேரூன்றிவிட்டது.

1956 நவம்பர் 1ஆம் நாள் மாநில எல்லை மாறியது. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. செங்கோட்டையும் பெரும்பகுதி சேர்ந்தது. திருவனந்தபுரம் கேரளத் தலைநகராயிற்று. அந்நாள் வரை ஒரே அரசுக்குள் ஊருக்குப் போய்வந்த நாஞ்சில் நாட்டவர் மறுநாள் முதல் மாநிலம் விட்டு மாநிலம் போகிறவர்கள் ஆனார்கள். மலை மட்டும் தன் பழைய வேலையைச் செய்தது. அகத்தியர்கூடத்தின் முகடு இரு மாநில எல்லையில் நிற்கிறது. மலையேறும் வழி கேரளத்துப் போணக்காட்டிலிருந்து தொடங்குகிறது. உச்சியில் வணங்கப்படுபவர் தமிழ் முனிவர். யுனெசுகோ 2016இல் தன் உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலில் இம்மலைத்தொகுதியைச் சேர்த்தபோது இரு மாநிலப் பகுதிகளையும் ஒன்றாகவே சேர்த்தது.

மலைக்கு இவ்வாறு மதிப்பும் காவலும் கிடைத்திருக்கின்றன. அதன் நிழலில் கிடக்கும் மணலுக்கு என்ன கிடைத்தது? கோப்புகளோடு வாழ்கிறவன் என்ற முறையில் எனக்கொரு கவலை உண்டு. பதிவேட்டில் ஒரு நிலத்துக்கு நேரே ‘தரிசு’ என்ற சொல் ஏறிவிட்டால், அதன்பின் அங்கே போய்ப் பார்க்காமலே அந்நிலத்தைப் பற்றி முடிவெடுக்கலாம் என்ற துணிவு எல்லோருக்கும் வந்துவிடும். தேரிமணலில் இல்மனைட்டு என்னும் கனிமம் உண்டு. அதிலிருந்து எடுக்கும் டைட்டானியம் வெண்சாயத்துக்கு மூலப்பொருள். இது நமக்குப் புதிய செய்தியன்று. 1909இல் திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கண்டு ஷாம்பெர்க் என்ற செருமானியர் மோனசைட்டைக் கண்டுபிடித்ததும், மணவாளக்குறிச்சியிலும் சவறாவிலும் மணல் எடுக்கத் தொடங்கியதும், 1946இல் கொச்சுவேளியில் டைட்டானியம் தொழிற்சாலை நிறுவப்பட்டதும் நாம் அறிந்த வரலாறு. 2007இல் சாத்தான்குளம், இராதாபுரம் பகுதித் தேரி நிலத்தில் பல்லாயிரம் ஏக்கரில் டைட்டானியம் திட்டம் தொடங்கத் தமிழ்நாடு அரசும் டாட்டா ஸ்டீல் நிறுவனமும் ஒப்பந்தம் செய்தன. நிலம் கொடுக்க மக்கள் மறுத்தனர், கட்சிகள் எதிர்த்தன, அவ்வாண்டே அரசு அத்திட்டத்தை நிறுத்தி வைத்தது.

தொழிற்சாலையே கூடாது என்பது என் வாதமன்று. வேலையில்லாமையால் ஊரைவிட்டு வந்தவர்களின் பிள்ளைகள் நாம். ஊரில் வேலை வருவதை வேண்டாமென்று சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் அங்கே ஒன்றுமில்லை என்ற எண்ணத்தோடு தொடங்கும் கணக்கு தவறான கணக்கு. தேரியில் முதலாவதாக உள்ளது தண்ணீர். மேலே கால் சுடும் மணல். பெய்கிற மழையில் ஒரு துளியும் ஓடையாக ஓடுவதில்லை. முழுவதும் உள்ளே இறங்குகிறது. இறங்கிய நீர் மணலின் அடியில் தங்கி, ஓரங்களில் சுனையாகவும், தாழ்ந்த இடங்களில் தருவை என்னும் நீர்நிலையாகவும் வெளிப்படுகிறது. மேலப்புதுக்குடியில், செம்மணலின் நடுவே, அருஞ்சுனைகாத்த அய்யனார் கோயில் இருக்கிறது. சுற்றிலும் தேரி; கோயிலருகே வற்றாத சுனை. தெய்வத்தின் பெயரே அந்த நீரைக் காத்தவர் என்பது. கடலுக்கு இவ்வளவு அருகில் நல்லநீர் கிடைப்பது மணல்மேடு உப்புநீரைத் தள்ளி நிறுத்துவதால்தான். மேட்டைத் தோண்டினால் கனிமம் கிடைக்கும். கிணற்றில் உப்பு ஏறும். இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும்.

மழை மறைவு நிலத்துக்கு எப்போதும் மழை மறைந்தே இருக்கும் என்றும் எண்ண வேண்டா. 2023 டிசம்பர் 17, 18 நாட்களில், குமரிக்கடல் பகுதியில் நிலைகொண்ட சுழற்சியால், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 946 மில்லிமீட்டர் கொட்டித் தீர்த்தது. ஓராண்டு முழுவதும் பெய்ய வேண்டியதைவிட மிகுதியான மழை ஒரு பகலிலும் ஓர் இரவிலும் பெய்தது. தாமிரபரணி கரைபுரண்டது, சீவைகுண்டத்தில் இரயில் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கிக்கொண்டனர், இங்கிருந்து உறவினரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசமுடியாமல் நம்மிற் பலர் இரவெல்லாம் விழித்திருந்தோம். அம்மழை பொதிகையின் கொடையன்று. கிழக்குக் கடலிலிருந்து வந்தது. மலை அதனையும் மறித்தே நின்றது. எதிர்த்திசையிலிருந்து வந்த காற்றுக்குத் தேரிப் பக்கமே முகப்பாக அமைந்துவிட்டது.

காயாமொழிக்கு அருகே தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார் கோயில் இருக்கிறது. கார்த்திகை மாதக் கடைசியில் அங்கே கள்ளர்வெட்டுத் திருவிழா நடைபெறும். கோயிலின் பின்புறத்துச் செம்மணல் மேட்டில் இளநீர் வெட்டப்படும். இளநீர் சிந்திய மணலை அள்ளிக்கொள்ளக் கூட்டம் முந்தும். பாலையில் வழிப்பறி செய்யும் கள்வரைச் சங்கப் பாடல்கள் ஓயாது பேசுகின்றன. தேரியின் தெய்வம் கள்வரை வெட்டிய தெய்வமாக இருப்பதில் பொருத்தம் உண்டு. அள்ளிய மணலை வயலில் தூவுவார்கள், வீட்டில் வைப்பார்கள், கடைப்பெட்டியில் இடுவார்கள். சாலைக் கடைவீதியில் ஒரு பலசரக்குக் கடையின் கல்லாப்பெட்டிக்குள், சில்லறைக் காசுகளுக்குப் பக்கத்தில், தாளில் மடித்த சிவப்பு மணலைப் பார்த்து எந்த ஊர் மணல் என்று கேட்டேன். “நம்ம தேரி மணல்தான் அண்ணாச்சி” என்றார் கடைக்காரர்.